இன்னும் கழற்றாத கறுப்பு

"துக்கத்துல இருக்குறவ கடற்கரையில போயி ஊர் முன்னாடி நிக்கிறதா? என் மகன் மேல போட்ட மண்ணு இன்னும் காயல," என்றாள் மாசிபியா. சொல்லிவிட்டு, மருமகளின் தட்டில் ஒரு துண்டு ஆட்டிறைச்சியைக் கூடுதலாக வைத்துத் தரையோடு தள்ளினாள்.

அந்தக் கூடுதல் துண்டுதான் ஃபிகிலேக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

கணவன் எலியாஸ் இறந்து நாலு மாதம். அந்த நாலு மாதமும் மாமியார் கையிலிருந்து சோளக்களியும் கீரையும்தான் வந்தன. கதவுக்குப் பின்னால் பாய். கறுப்பு உடை, கறுப்புச் சால்வை, கறுப்புத் தலைத்துணி. குரல் உயரக் கூடாது. கையிலிருந்து கைக்கு எதையும் கொடுக்கக் கூடாது. பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் இருக்க வேண்டும். அவளை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் அந்தக் கறுப்பு தங்களுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று பயம். இப்படி ஒரு வருஷம். எதிர்வீட்டுக்காரி நானும் ஒரு காலத்தில் உடுத்தியிருக்கிறேன். எத்தனை முறை துவைத்தாலும் சாயம் கழுத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

வருஷம் முடிந்ததும் ஆடு வெட்டுவார்கள். கறுப்பை எரித்துக் குளிக்கவைத்து, குடும்பம் கூடி உட்கார்ந்து கேட்கும்: புருஷனுடைய தம்பிமாரில் யாரோடு இருக்கப் போகிறாய்? எலியாஸுக்கு ஒரே தம்பி, பெகானி. அவனுடைய மனைவியும் முந்தின வருஷம்தான் இறந்தாள். அவன் சட்டைக் கையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புத் துணியைக் குத்திக்கொண்டு ஒரு மாதம் திரிந்தான். பிறகு சட்டையைத் துவைத்தபோது அதுவும் போயிற்று. யாரும் கேட்கவில்லை.

அந்தப் பெகானி இப்போது நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, இல்லாத பணிவோடு பேசினான்.

"அண்ணி, பழைய கடையெல்லாம் எடுக்கப் போறாங்க. புட்பால் உலகக் கோப்பைக்கு வர்ற வெள்ளக்காரங்க பாத்து முகம் சுளிக்கக் கூடாதாம். அகல நடைபாதை, கூரை போட்ட புதுக் கடைங்க. வியாழக்கிழமை காலையில அவங்கவங்க இடத்துல நிக்கணும். நிக்கிற ஆளப் போட்டோ புடிப்பாங்க. அந்த ஆளுக்குத்தான் புதுக் கடை. ஆள் இல்லாத இடம் போச்சு."

"யாரு நிக்கப் போறா?"

"நான் எதுக்கு இருக்கேன்? எலியாஸ் தம்பின்னு சொன்னா போதாதா?"

"அது எலியாஸ் இடமில்ல, தம்பி. அவரு துறைமுகத்துல கிரேன் ஓட்டினவரு. ஊசியில நூல் கோக்கத் தெரியாது. பதினாலு வருஷமா அங்க உட்கார்ந்து மணி கோத்து வித்தவ நான்."

"பதினோரு மாடு குடுத்து உன்னக் கூட்டியாந்தோம்," என்றாள் மாசிபியா. "நீ சம்பாதிச்சதெல்லாம் இந்த வீட்டோடது. இடமும்தான்."

ஃபிகிலே தலை நிமிராமல் தரையையே பார்த்தாள். தரைமட்டத்தில் அவளுக்குத் தெரிந்தது மைத்துனனின் கால்.

"ஷூ புதுசா, தம்பி?"

பெகானி காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான். "நாலு பெரிய மனுசங்களப் பாக்கணும்னா சும்மாவா போறது?"

மணி கோக்கத் தெரியாத ஆம்பிளையை மணிக்கடையில் நிறுத்தினால் எவனும் நம்ப மாட்டான். அது பெகானிக்கும் தெரியாமல் இருக்காது. அப்படியென்றால் நிற்கப் போவது வேறு யாரோ. புதன்கிழமை முழுவதும் ஃபிகிலே அதையே மென்றுகொண்டிருந்தாள். சாயங்காலம் அறையைப் பெருக்க எழுந்தபோது அலமாரி மேலே கண் போனது. அங்கே ஒரு வட்டப் பெட்டி இருக்கும். உள்ளே அவளுடைய சிவப்புத் தொப்பி. எங்களில் கல்யாணமானவள் அணியும் அகலத் தொப்பி. தூசியில் வட்டமாக ஒரு தடம் மட்டும் இருந்தது.

அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கதவுக்கு வெளியே பூட்டு விழும் என்று தோன்றியது.

வியாழக்கிழமை விடிந்து, மாசிபியா கொல்லைப்பக்கம் போன நேரத்தில் ஃபிகிலே வாசலைத் தாண்டி நடந்தாள். எங்கள் ஊர் உம்லாஸியில் டாக்ஸி என்பது வேன். நெருக்கி அடைத்துக்கொண்டு போவோம். துக்கக் கறுப்பில் இருப்பவள் கடைசி வரிசையில் உட்கார வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் போய் உட்கார்ந்தாள். நாலு பேர் உட்காரும் இடம். முன்னால் மூன்று பேர் சீட்டில் நாலு பேராக இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒரு தடித்த அம்மாள் படியில் ஒரு காலை வைத்துவிட்டு, பின்னால் எட்டிப் பார்த்து, "நான் அடுத்ததுல வர்றேன்," என்று இறங்கிக்கொண்டாள்.

"அம்மா, நீ ஏறினதுல எனக்கு மூணு ஆள் நட்டம்," என்று டிரைவர் கண்ணாடியில் பார்த்துக் கத்தினான்.

"அப்ப நாலு பேரு காசையும் நானே தர்றேன். இந்தாங்க, முன்னாடி குடுங்க."

நீட்டிய கையிலிருந்து சில்லறையை வாங்கி முன்னால் கொடுக்க ஒருவரும் திரும்பவில்லை. முன் வரிசைக்காரன் தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"வேணாம், வேணாம். கைய உள்ள வை தாயே," என்றான் டிரைவர். "எங்க இறங்கணும்னு மட்டும் சொல்லு. சீக்கிரம் கொண்டுபோய் விட்டுடறேன்."

வண்டியில் சிலர் சிரித்தார்கள். ஃபிகிலேக்கும் சிரிப்பு வந்தது. நாலு மாதத்தில் முதல் தடவை. சால்வையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு தன் இரண்டு பக்கமும் காலியாகக் கிடந்த இருக்கையை வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கடற்கரை அடையாளம் தெரியாமல் கிடந்தது. மணல் மேடுகள், கம்பிக் கட்டுகள், பாதி உடைத்த படித்துறை. பின்னால் புது ஸ்டேடியத்தின் வளைவு. மணி விற்கிற எங்கள் வரிசை மட்டும் அதே இடத்தில் இருந்தது. எல்லோரும் இருப்பதில் நல்ல உடையை உடுத்தி, பாயையும் மணிச் சரங்களையும் விரித்து, ஒருத்தியை ஒருத்தி வேவு பார்த்துக்கொண்டு நின்றோம். முப்பது பேருக்கும் கடை கிடைக்குமா, இல்லை பாதிப் பேருக்குத்தானா என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்துக்காரி ஒரு அடி நகர்ந்தால்கூட இடத்தைப் பிடிக்கிறாளோ என்று இருந்தது.

ஃபிகிலேயின் சிமெண்டுத் திட்டில் ஜபுலிலே உட்கார்ந்திருந்தாள். பெகானியோடு ஆறு மாதமாகச் சுற்றுகிற பெண். தலையில் சிவப்புத் தொப்பி. மடியில் யாரோ கோத்த மணிச் சரம். பெகானி கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றான். "குடும்பத்து முடிவு," என்று கேட்டவர்களிடம் சொல்லியிருந்தான். கேட்டவர்களும் அதிகமில்லை.

படித்துறைப் பக்கமிருந்து கறுப்பாக ஒரு உருவம் வருவதை முதலில் பார்த்தவள் மாஷாங்கே. பதினாலு வருஷமாக ஃபிகிலேயின் பக்கத்து இடத்துக்காரி. ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றவள்.

"அங்கேயே நில்லு, ஃபிகிலே! நல்ல காரியம் நடக்குற நாளு. உன் நிழலு என் சரக்குல விழ வேணாம்."

மற்றவர்கள் பாயை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வரிசைக்கு நடுவே அவளுக்கு ஒரு பாதை உண்டாயிற்று.

"அண்ணி, வீட்டுக்குப் போங்க," என்றான் பெகானி தாழ்ந்த குரலில். "நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தாதீங்க."

"தொப்பி நல்லா இருக்கே," என்று ஃபிகிலே ஜபுலிலேயைப் பார்த்துச் சொன்னாள். "யாரு குடுத்தா?"

"பெகானியோட அம்மாதான். இனிமே இது உன்னுதுன்னு சொன்னாங்க."

"எலியாஸ் வாங்கினது. அவரே தன் கையால என் தலையில வச்சுவிட்டாரு."

தொப்பியைத் தொட்டுக்கொண்டிருந்த ஜபுலிலேயின் விரல்கள் கீழே இறங்கின.

இரண்டு இடம் தள்ளி, கேமராவோடு பெட்ரா வந்துகொண்டிருந்தாள். கடற்கரையைப் புதுப்பிக்கும் கம்பெனியின் ஆள். வெயிலில் சிவந்த முகம். ஃபிகிலே அவளைப் பார்த்தாள், திட்டைப் பார்த்தாள், பிறகு நேரே போய் ஜபுலிலேயை நெருங்கி, ஒரு விரல் இடைவெளி விட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்து, சால்வையை நிதானமாகச் சரிசெய்தாள். அதன் முனை ஜபுலிலேயின் முழங்காலில் விழுந்தது.

கொதிக்கிற தண்ணீர் பட்டதுபோல அந்தப் பெண் எழுந்தாள். "ஐயோ, பெகானி! என் மேல பட்டுடுச்சு! பட்டுடுச்சு!" தொப்பியைக் கழற்றித் திட்டில் போட்டாள். மணல் மேடுகளைத் தாண்டி ஓடி, அலையில் முழங்காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வரவேயில்லை.

பெகானி கையை நீட்டினான். அந்தக் கை சால்வைக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

"இழுங்க, தம்பி," என்றாள் ஃபிகிலே. "கையப் புடிச்சு இழுங்க. யாரு வேணாம்னா?"

அவன் எங்களைப் பார்த்தான். "யாராவது இவளக் கூட்டிட்டுப் போங்களேன்!"

யாரும் நகரவில்லை.

பெட்ரா வந்து நின்றாள். "இது யார் இடம்?"

"என்னுது," என்றாள் ஃபிகிலே.

"எங்க குடும்பத்து இடம்," என்றான் பெகானி.

பெட்ரா பக்கத்து இடத்தைப் பார்த்துக் கேட்டாள். "உங்களுக்குத் தெரியுமா, அம்மா?"

மாஷாங்கே குனிந்து தன் பாயைப் பார்த்தாள். அவளுக்கு அன்பு ஒன்றும் பொங்கிவிடவில்லை. சூரியன் நகர்ந்துகொண்டிருந்தது, கறுப்பின் நிழல் அவளுடைய பாயின் ஓரத்துக்கு வந்துவிட்டது. "அவ இடம்தான். பதினாலு வருஷமா அவதான் இருக்கா. சீக்கிரம் போட்டோவ எடுத்து முடி, தாயி. அவ எந்திரிச்சுப் போகட்டும்."

பெட்ரா கேமராவைத் தூக்கினாள், இறக்கினாள். "கறுப்பு வேண்டாமே. இந்தப் படமெல்லாம் வர்றவங்களுக்குக் காட்டுறதுக்கு. பளிச்சுன்னு இருக்கணும். அந்தச் சிவப்புத் தொப்பியப் போட்டுக்கிட்டுக் கொஞ்சம் சிரிங்க."

"இத ஒரு வருஷத்துக்குக் கழட்டுறதில்ல."

"யார் சொன்னது அப்படி?"

"எங்க வீட்டுல. வேணும்னா இவரக் கேளுங்க, என் மைத்துனருதான்."

பெட்ரா பெகானியைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது பெண்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள்; இல்லை என்றால் குடும்பத்து வழக்கத்தை அவனே உடைத்ததாகும், ஆமாம் என்றால் அவள் கறுப்போடே படத்தில் இருப்பாள். புது ஷூவில் மணல் ஏற நின்றான். பெட்ரா தோளைக் குலுக்கிவிட்டுக் கறுப்பையே படம் எடுத்தாள்.

கடை கிடைத்தது. வரிசையில் கடைசி, கழிப்பறைகளை ஒட்டி. கம்பெனிக்கு அந்தக் கறுப்பு கண்ணில் படாமல் இருக்க வேண்டும் போலும். ஆனாலும் கூரை இருந்தது, பூட்டு இருந்தது, சாவி அவளிடம் இருந்தது. மாசிபியா வீட்டுக்கு அவள் திரும்பவில்லை. எதிர்வீடு என்னுடையது, பின் அறை காலியாகத்தான் கிடந்தது. அவளுடைய தட்டை நான் கையால் வாங்கிக் கழுவினேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டியதெல்லாம் என் வீட்டுக்காரர் போன அன்றைக்கே ஆகிவிட்டது.

ஏப்ரலில் வருஷம் முடிந்தது. ஃபிகிலே கறுப்பைக் கழற்றவில்லை.

ஜூனில் ஊரே ஊதுகுழல் சத்தத்தில் அதிர்ந்தது. மஞ்சள் சட்டை, பச்சைச் சட்டை, முகத்தில் கொடி வரைந்துகொண்டவர்கள் என்று நடைபாதை நிரம்பி வழிந்தது. அவர்களுக்குக் கறுப்பும் தெரியாது, வருஷமும் தெரியாது. அவளுடைய கடைத் திட்டில் அவளை ஒட்டி உட்கார்ந்து வளையல் போட்டுப் பார்த்தார்கள். பேரம் முடிந்ததும் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். முதல் தடவை குலுக்கியவன் போன பிறகு அவள் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கூட்டத்துக்குள் ஒரு சாயங்காலம் மாசிபியா மகனோடு வந்தாள். கடல் பக்கத்துக் கம்பி வேலியோரமாக, நிழல் எட்டாத தூரத்தில் நின்றுகொண்டாள்.

"வருஷம் முடிஞ்சு ரெண்டு மாசமாச்சுடி! வாங்கிக் கட்டின ஆடு தின்னு தின்னு நடக்க முடியாம கிடக்கு. வந்து கழட்டு."

"இன்னும் துக்கம் ஆறல, அத்தை."

"இது என்ன கூத்து? எவளாவது கேட்டு வாங்கி உடுத்துவாளா இத? கறுப்பக் கழட்டாதவள ஊரு சூனியக்காரின்னு சொல்லும்."

"ஏற்கனவே சொல்லுதே. எலியாஸுக்கு நான் சோத்துல விஷம் வச்சுட்டேன்னு பேச்சு எந்த வீட்டுல ஆரம்பிச்சுது, அத்தை?"

கிழவி மகனைப் பார்த்தாள். பெகானி கடையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கூரை, பூட்டு, தொங்குகிற சரங்கள்.

"இவன் எவ்வளவு நாள் காத்திருப்பான்?" என்றாள் மாசிபியா. "கறுப்பு இருக்குற வரைக்கும் குடும்பம் கூடிப் பேசக்கூட முடியாது. உனக்கும் தெரியும்."

"தெரியும், அத்தை."

அடுத்த பந்தயத்துக்குக் கூட்டம் ஸ்டேடியம் பக்கமாக நகரத் தொடங்கியது. நடைபாதை கொஞ்சம் காலியானது. இருவரும் அங்கேயே நின்றார்கள். காலில் வலி உள்ள கிழவி. ஒரு காலை மாற்றி இன்னொரு காலில் சாய்ந்தாள்.

ஃபிகிலே சரங்களை ஒதுக்கி, சால்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, திட்டில் தன் பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

"எவ்வளவு நேரம் நிப்பீங்க? வாங்க, ரெண்டு பேரும் இப்படி உட்காருங்க. இடம் இருக்கு."

அவர்கள் வரவில்லை.