தாழிக்குள் கிடந்த உமி

சண்டைக்காலம். நெல்லை ஒளித்தால் ஜெயில். போன போகத்தில் விதைக்கு வைத்திருந்ததையும் சேர்த்து சர்க்கார் ஆட்கள் அளந்து கொண்டுபோய்விட்டார்கள். அதனால் இந்தத் தடவை என் வயலுக்குப் போதுமான விதைநெல்லை, ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே பரம்பு மேட்டில் புதைந்து கிடந்த பழைய தாழி ஒன்றில் கொட்டி மூடி வைத்தேன். செத்தவர்களை வைத்துப் புதைத்த தாழி. எங்கள் ஊரில் எவனும் அந்தப் பக்கம் ஒன்றுக்குக்கூட ஒதுங்கமாட்டான்.

அங்கேதான் வந்து சேர்ந்தார் பழம்பொருள் தோண்டுகிற தூத்துக்குடி தேவபிரசாதம், சல்லடையும் பூதக்கண்ணாடியுமாக. கூட ஊர்த் தலையாரி சொரிமுத்து. ஆதி மனுசன் என்ன தின்றான் என்று பார்க்கிறாராம். நான் நம்பவில்லை. நெல் தேடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வெட்ட ஆள் கேட்டபோது, என் தாழியைத் தொடவிடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று நானே மண்வெட்டியோடு போய் நின்றேன்.

முதல் தாழியின் அடியில் கறுப்பாக ஒட்டியிருந்த கசடைச் சுரண்டிக் காகிதத்தில் மடித்தார். பிறகு உள்ளே கிடந்த மண்ணைச் சலித்தார்.

"கடல் மீன் முள்ளு. இம்புட்டு தூரம் கொண்டாந்து தின்னுருக்கான்."

"கருவாடா இருக்கும்," என்றான் சொரிமுத்து.

அடுத்த சலிப்பில் உமி வந்தது. தேவபிரசாதம் சல்லடையை என் பக்கம் நீட்டினார். "நெல்லு, பெரியவரே. அந்தக் காலத்து நெல்லு. பக்கத்துத் தாழியையும் திறங்க."

அது என் தாழி. எலி என் நெல்லை இழுத்துவந்து இதற்குள் வைத்துத் தின்றிருக்கிறது.

"அதுல பாம்பு கிடக்கு, சார்வாள்."

"நேத்து அதைச் சுத்திப் பாத்தேனே, பாம்பு ஒண்ணுங் கிடக்கல," என்றான் சொரிமுத்து.

தேவபிரசாதம் உமியை விரலில் வைத்து மடக்கினார். கண்ணாடியில் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது.

"வளையுதே. பழசுன்னா நொறுங்கும். இது இந்த வருசத்து நெல்லு. பக்கத்துல வயலே இல்ல, எலிக்கு எங்க கிடைச்சுது?"

சொரிமுத்து என்னைப் பார்த்தான். கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு என் தாழிப் பக்கம் நடந்தான். குறுக்கே போய் நின்றேன்.

"ஏலே, உடைச்சிராத. விதைநெல்லு. அதுவும் போச்சுன்னா என் வயலு தரிசுதான்."

"மேல சொல்லணுமே, அண்ணாச்சி."

"போய்ச் சொல்லு."

அவன் போகவில்லை. "எனக்குந்தான் வயலு கிடக்கு. விதையில்ல."

"பாதிய எடுத்துக்கிட்டுத் தொலை."

"எடுத்துக்கிடுதேன். ஆனா நா பாக்க அளக்கணும். உங்க கைய எனக்குத் தெரியும், குறைச்சுத்தான் அள்ளும்."

தேவபிரசாதம் உமியைக் காற்றில் தட்டிவிட்டார். "புது நெல்லு கொட்டி வச்ச அந்தத் தாழி எனக்கு உதவாது," என்று முள்ளையும் கறுப்புக் கசடையும் மட்டும் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

சொரிமுத்து தலைப்பாகையை அவிழ்த்து விரித்தான். என் பாதி வயல் தரிசாகப் போகிறதே என்று நினைத்துக்கொண்டே கை கையாக அள்ளிப் போட்டேன். அவன் குத்துக்காலிட்டு ஒவ்வொரு கையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.