இடம்பிரி

நான்கு மணிக்கு ஆலுவாவில் பால் பாட்மின்டன் இறுதி ஆட்டம். என் தங்கை கங்கா ஆடியாக வேண்டும். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அதை நம்பி, மற்ற பெண்களோடு அவள் காலையிலேயே கிளம்பவில்லை.

பழைய டாட்ஜ். என் மனைவி ஸ்வர்ணலதா இறந்துபோய் ஏழு மாதம். அதன் பிறகு வண்டியை நான் தொடவில்லை. இரண்டு மணிக்கு மூடியிருந்த துணியை விலக்கினால், இடது பின்சக்கரம் காற்றில்லாமல் படிந்து கிடந்தது.

ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு தெருமுனையில் ரஷீதின் கடைக்கு ஓடிக் காற்றடித்தேன். அவர் ஒரு லாரிக்கு அடியில் இருந்தார்.

"அரை மணிக்கூர் பொறுத்தா நானே வந்து மாத்தித் தரேன், சாரே."

"இதுக்கு ஒரு ஆளா? வீட்டிலேயே மாத்திக்கிறேன்."

"இடப்பக்கச் சக்கரமா? அப்போ இடம்பிரியாக்கும். மறக்காண்டாம்."

இடம் பிரி. இடப்பக்கம் திருகிப் பிரி. உலகத்தில் எல்லாப் போல்ட்டும் அப்படித்தானே கழலும்? பௌதிகம் படித்தவனுக்கு இதைச் சொல்லவும் வேண்டுமா?

இடப்பக்கம் திருகினேன். அசையவில்லை. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகித் தொங்கினேன். அசையவில்லை.

"அண்ணா, ரெண்டரை ஆயாச்சு."

"துரு."

"நீங்க பி.எஸ்ஸின்னு அதுக்குத் தெரியல்லை போலிருக்கு."

கங்கா குழாய் மேலேறிக் குதித்தாள். கிறீச்சென்றது. இரண்டு பேருக்கும் சந்தோஷம். பிறகு எதுவும் இல்லை. அவள் மட்டையைப் போட்டுவிட்டு ஓடிப் போய் ரஷீதை இழுத்து வந்தாள்.

பார்த்ததும் அவர் தலையில் கை வைத்தார். "இடம்பிரின்னு சொன்னேனே!"

"இடப்பக்கம்தானே பிரிக்கிறேன்?"

"நம்ம ஊர்ல பிரின்னா போல்ட்டோட மரை, சாரே. இதோட மரை எதிர்ப்பக்கம். இத்தனை நேரமும் ரெண்டு பேரும் முறுக்கியிருக்கீங்க."

வலப்பக்கம். மூன்று பேரும் குழாயில் தொங்கினோம். டப்பென்று ஒன்று விட்டது. கங்கா எண்ணினாள்: ஒண்ணு, ரெண்டு, மூணு. ஐந்தும் இளகின. ஜாக்கியை ஏற்றிப் பழைய சக்கரத்தைக் கழற்றினேன், ஸ்டெப்னியை மாட்டினோம்.

"இனி முறுக்குங்கோ," என்றார் ரஷீது. "இடப்பக்கம். அது உங்களுக்கு நல்ல பழக்கமாச்சே."

மூன்று மணிக்குக் கிளம்பினோம். வெண்டுருத்திப் பாலத்தில் ஒரு பஸ்ஸை முந்தினேன். இடப்பள்ளியில் இரண்டு.

ஆலுவா மைதானத்தில் கங்காவின் பெயரைக் கடைசித் தடவையாக மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி நிற்கும் முன்பே அவள் கதவைத் திறந்து ஓடினாள்.

"வந்தாச்சு! வந்தாச்சு!" என்று கூட்டத்தைத் தாண்டி யாரோ கத்தினார்கள்.

நான்தான்.