அழுகைச் சத்தம் சரிசெய்யப்பட்டது

சரக்கு அழுகிப்போனால் கெட்டிக்கார வியாபாரி தராசைத் திட்டுவான். தராசு திருப்பித் திட்டாது. அந்த வீடியோ கேம் கம்பெனியும் அப்படித்தான் கணக்குப் போட்டது. அவர்கள் தராசாக நினைத்துக் கைவைத்தது பூதக்கண்ணாடியின் மேல்.

பூதக்கண்ணாடி என்பது ஆபீஸில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பரிசோதகர் வேலை. மூன்றாம் மாடிக் கூடத்தில் முப்பது பேரோடு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, இன்னும் கடைக்கு வராத விளையாட்டை நாள் முழுக்க விளையாடிக் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும். சுவருக்குள் பாதி உடம்பு புகுந்த திருடன், நிழல் இல்லாத லாரி, குதித்தவன் இறங்க மறந்து ஆகாயத்திலேயே நிற்பது, எல்லாம் முதலில் அவள் கண்ணில்தான் படும். “என் மாமியார் உன்கிட்ட டியூஷன் வரணும்டி” என்பாள் பக்கத்து நாற்காலிக்காரி.

இந்த விளையாட்டில் இரண்டு கொள்ளைக் கூட்டங்கள் ஒரு நகரத்துக்காக அடித்துக்கொள்ளும். துப்பாக்கி, ரத்தம், தலை தெறிப்பது இதெல்லாம் அவளுக்குப் பழகிப்போன சங்கதி. சுடுகிறவன் கையிலும் துப்பாக்கி, சாகிறவன் கையிலும் துப்பாக்கி. ஏழாம் கட்டத்தில்தான் சிக்கல். பாலத்துக்கு அடியில் ஒரு கிழவர் அட்டைப்பெட்டியை விரித்துத் தூங்குவார். கதைக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவரை உதைத்தால் ஓர் உதைக்குப் பத்துப் புள்ளி. உதைக்க உதைக்க, “வேணாம்ப்பா, போயிடறேம்ப்பா” என்று அழுவார். அந்தக் குரலைக் கேட்ட அன்று அவள் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

புகார் எழுத உட்கார்ந்தாள். புகார்ப் படிவத்தில் முதலில் வகையைக் குறிக்க வேண்டும், இல்லாவிட்டால் படிவம் நகராது. ஐந்தே வகை: நின்றுபோதல், படம், ஒலி, எழுத்து, வேகம். அநியாயம் என்று ஒரு கட்டம் இல்லை. அழுகைதானே சாப்பிட விடாமல் செய்தது என்று ‘ஒலி’யைத் தொட்டுவிட்டு எழுதினாள்: “தூங்குகிறவரை உதைப்பதும் அதற்குப் புள்ளி கொடுப்பதும் அநியாயம். அவர் அழுவது தாங்கவில்லை. இதை எடுத்துவிடுங்கள்.”

ஒலி என்று குறித்தது ஒலிக்காரர்களிடம் போயிற்று. அவர்களுக்கு ஒரு நாளைக்கு நூறு புகார். ‘அழுவது தாங்கவில்லை’ என்ற வரியை மட்டும் படித்துவிட்டு அழுகையைப் பாதியாகக் குறைத்தார்கள். ‘சரிசெய்யப்பட்டது’ என்று திரும்பி வந்தது. ஆபீஸ் வழக்கப்படி புகார் கொடுத்தவரே சோதித்து மூட வேண்டும். திரையில் ஒரே ஒரு கேள்வி: ‘ஒலி சரியாகிவிட்டதா?’ வெளியீட்டுக்கு நான்கு நாள். அவள் தலையில் அறுபத்தோரு புகார் மூடாமல் கிடந்தது. கேட்டுப் பார்த்தாள். சத்தம் குறைந்துதான் இருந்தது. ‘ஆம்’ என்று தட்டினாள்.

விளையாட்டு கடைக்கு வந்த மூன்றாம் வாரம் எவனோ அந்த உதையைப் படம்பிடித்து இணையத்தில் போட, ஊர் பற்றிக்கொண்டது. தொலைக்காட்சிக்காரர்கள் சமுதாய அக்கறையோடு ஒரு நாளைக்கு நாற்பது தடவை கிழவரை உதைத்துக் காட்டினார்கள். இடையிடையே சோப்பு விளம்பரம். கம்பெனி வாசலில் பெற்றோர் சங்கம் அட்டை பிடித்து நின்றது. முன்வரிசையில், எல்லோருக்கும் மேலாகத் தொண்டையைத் திறந்து கத்தியவள் பூதக்கண்ணாடியின் சொந்த நாத்தனார்.

மேலாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முகத்தில் சோகம், விரலில் தாளம். வாசலில் கூட்டம் கூடக்கூட விற்பனையும் ஏறிக்கொண்டிருந்தது.

“உக்காரும்மா. காபி?”

“விஷயத்தைச் சொல்லுங்க சார்.”

ஒரு தாளை நகர்த்தினார். ‘பரிசோதகர் ஒருவரின் கவனக்குறைவால் இக்காட்சி அனுமதிக்கப்பட்டுவிட்டது. வருந்துகிறோம்.’

“நான் எடுக்கச் சொல்லி எழுதினேன் சார்.”

“எழுதினீங்க. ஒலின்னு எழுதினீங்க. அப்புறம் ஆம்னு மூடியிருக்கீங்க. பதிவுல இருக்கே?”

“உதைக்குப் பத்துப் புள்ளின்னு போட்டது நானா?”

“அது வடிவமைப்பும்மா. வடிவமைப்புங்கறது மேலிடம். மேலிடத்தைக் கீழ இறக்க முடியுமா?” சிரித்தார். “உங்க பேர் வெளில வராது. நாளைக்குப் பத்திரிகைக்காரங்க முன்னாடி நான் படிப்பேன், நீங்க பக்கத்துல உக்காந்து தலையாட்டினா போதும். ஆறு மாசம் வேற பிரிவு. அப்புறம் எல்லாரும் மறந்துடுவாங்க. தலையாட்டலேன்னா…” அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. முடிக்காமல் விடுவதற்கும் சேர்த்துத்தான் அவருக்குச் சம்பளம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனால், நாத்தனார் கூடத்தில் அட்டையைச் சாய்த்து வைத்துவிட்டு வெந்நீரில் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணி, நீங்கதானே அங்க சோதிக்கறவங்க? இந்தக் கண்ராவி உங்க கண்ணுல படலியா?”

“பட்டுது.”

“பட்டு?”

“எழுதிக் கொடுத்தேன். சத்தத்தைக் குறைச்சாங்க. சரின்னு மூடிட்டேன்.”

நாத்தனார் துண்டால் வாயைத் துடைத்தவள் அப்படியே நின்றாள். “எங்க வீட்டுப் பாத்திரத்துல ஒரு பிசுக்கு இருந்தா ஒம்பது பேர் முன்னாடி சொல்லிக் காட்டற ஆளு நீங்க. ஒரு மனுஷனை உதைக்கறதை ‘சரி’ன்னு மூடுவீங்களா?”

“ஏய், விடுடி” என்றான் கணவன். அவனுடைய அச்சகத்தில் பாதி இயந்திரம் நின்று எட்டு மாதமாகிறது. “பழி ஓரிடம், பாவம் ஓரிடம். உலகம் பூரா அப்படித்தான். இவ தலையாட்டிட்டு வரட்டும். வீட்டு வாடகைக்குத் தெரியுமா நியாயமும் தர்மமும்?”

“அண்ணா, நீ வாயை மூடு. உன்னைக் கேட்டா நீ உதைக்கு அஞ்சு புள்ளின்னு பேரம் பேசி முடிச்சிடுவே.”

கணவன் சொன்னது பூதக்கண்ணாடியின் வயிற்றுக்குப் பட்டது, நாத்தனார் சொன்னது நெஞ்சுக்கு. வயிறுதான் ஜெயித்தது. காலையில் மேலாளரிடம், “சரி சார்” என்றாள்.

கீழ்த்தளக் கூடத்தில் பதினோரு மணிக்குக் கூட்டம். இருபது ஒலிவாங்கி, மேலாளர் முன்னால் ஒரு தண்ணீர் பாட்டில். அவர் தாளைப் படித்தார். ‘கவனக்குறைவு’ என்ற இடத்தில் நிறுத்தி அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கேமராக்கள் மின்னின. காது மடல் சுட்டது, ஆனால் ஆட்டிவிட்டாள்.

மேலாளருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “மக்களுடைய உணர்வை மதிக்கிறோம். அதனால இன்னைக்கே விளையாட்டைத் திருத்தி வெளியிடறோம். அந்த முதியவர் அழற சத்தத்தை முழுசா நீக்கிட்டோம். இனிமே யார் மனசும் புண்படாது.”

அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. உதை இருக்கும், பத்துப் புள்ளியும் இருக்கும். கிழவர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. உதைபடுகிறவன் சத்தம் போட்டதுதான் குற்றம் என்று தீர்ப்பாகிவிட்டது, அந்தத் தீர்ப்புக்கு அவள் தலையாட்டியும் ஆகிவிட்டது.

எழுந்தாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“நான் ஆட்டினதைத் திருப்பி வாங்கிக்கறேன்.”

“அம்மா, உக்காருங்க” என்றார் மேலாளர், பல்லுக்கு நடுவே.

“அதை எடுத்துடுங்கன்னு எழுதினது நான். தப்பான கட்டத்துல எழுதினேன். சத்தத்தைக் குறைச்சிட்டு, ஒலி சரியான்னு கேட்டாங்க, ஆம்னு மூடினேன். என் வேலை சீக்கிரம் முடியணும்னு மூடினேன். அது என் தப்பு. அதுக்கு என்னைத் திட்டுங்க, வாங்கிக்கறேன். ஆனா அந்தாளை உதைக்கறதுக்குப் புள்ளி வெச்சது நான் இல்லை. இப்ப அவர் வாயைக் கட்டிட்டு உதைக்க விடறாங்களே, அதுவும் நான் இல்லை.”

ஒலிவாங்கிகள் அவள் பக்கம் திரும்பின. மேலாளர் தன்னுடையதை அவசரமாக அணைத்தார். அது அவர் ஒருவருடைய குரலைத்தான் அணைத்தது.

“மேடம், ‘பரிசோதகர் ஒருவர்’னு போட்டுக்கலாமா?” என்றான் முன்வரிசை நிருபன்.

“ஒருவர் கிருவர் வேணாம். பேர் போடுங்க.” தன் பெயரைச் சொன்னாள். அப்பா பெயரின் முதலெழுத்தோடு, அவன் எழுதி முடிக்கும்வரை நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். “வேலை போயிடும், அதனால எத்தனை வருஷம் இங்க இருந்தேன்னும் எழுதிக்குங்க. பதினோரு வருஷம்.”

பிறகு கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி மேலாளர் முன்னால் வைத்தாள்.

“என் பேர் வந்தாச்சு. உதைக்குப் பத்துன்னு எழுதினவங்க பேரு மேலிடத்துல இருக்காம். சார்கிட்ட கேளுங்க, சொல்லுவாரு.”

இருபது ஒலிவாங்கியும் மேலாளர் பக்கம் திரும்பின. அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். அந்த மூடி சுலபத்தில் திறக்கவில்லை.