திரும்பி வந்த தொண்ணூற்று நான்கு

ரூபா அனுப்ப வேண்டியிருந்தது இரண்டே வரி. பயிற்சி இடத்தை ஏற்றுக்கொள்கிறேன். பத்தாம் தேதி சென்னையில் ஆஜராகிறேன். அந்த இரண்டு வரியை இந்திராணியின் கடைக் கம்ப்யூட்டர் மதியம் ஒன்றேகாலிலிருந்து ஏழு முறை திருப்பித் துப்பிவிட்டது.

மாலை ஐந்து மணிக்குள் போகாவிட்டால் இடம் அடுத்தவருக்கு. கப்பல் கம்பெனியின் கடிதம் அதை இரண்டு இடத்தில் சொல்லியிருந்தது. எஞ்சின் பகுதிப் பயிற்சி. தீவிலிருந்து தேர்வானது ரூபா ஒருத்திதான்.

"என் போன்லேருந்து அனுப்பிடவாக்கா?" என்றாள் ரூபா, மூன்றாவது தடவையாக.

"அனுப்பி என்னடி பண்றது? விண்ணப்பத்துல எந்த மெயில் இருக்கோ அதுலேருந்து வந்தாத்தான் எடுத்துப்பாங்களாம். போன் போட்டுக் கேட்டியே, என்ன சொன்னான்?"

"மெயில்லயே பேசுங்கன்னு வச்சிட்டான்."

விண்ணப்பத்தில் இருந்தது இந்திராணியின் கடை மெயில். ரூபா மட்டுமல்ல, அந்தமானின் லாங் ஐலண்டில் பாதிப் பேர் எந்தப் படிவத்திலும் அதைத்தான் எழுதினார்கள். கடைக்கு லேண்ட்லைனும் இன்டர்நெட்டும் வந்தபோது டெலிபோன் கம்பெனி கூடவே கொடுத்த முகவரி அது. ரேஷன் கார்டு, காலேஜ், பாஸ்போர்ட் எதுவானாலும் பதில் கடைக்கு வரும். இந்திராணி அதை அச்செடுத்து வீட்டுக்கே கொடுத்தனுப்புவாள். பத்து வருடத்தில் ஒரு கடிதம்கூடத் தவறியதில்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. ரூபாவின் படிவத்தை நிரப்பியதும் அவளேதான். "என் சொந்த மெயில் போடலாமா?" என்று ரூபா கேட்டாள். "நம்ம கடையோடதையே போடுறேன், பத்திரமா இருக்கும்" என்றாள் இந்திராணி.

அந்த 'பத்திரமா' இப்போது அவளையே குத்தியது.

மோடத்தை அணைத்துப் போட்டாள். பாஸ்வேர்டை மறுபடி அடித்தாள். ரூபாவின் போனிலிருந்து நெட்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தாள். வருகிற மெயில் எல்லாம் ஒழுங்காக வந்தது. மெத்தை தள்ளுபடி விளம்பரம்கூட வந்தது. போவதுதான் போகவில்லை. ஒவ்வொரு முறையும் சிவப்பு எழுத்தில் அதே செய்தி: அனுப்புநர் ஏற்கப்படவில்லை.

"என்னை ஏத்துக்க மாட்டேங்குதாம். பத்து வருஷமா காசு கட்டுறவளை!" என்று போனை எடுத்தாள் இந்திராணி.

டெலிபோன் கம்பெனியின் போர்ட் பிளேர் ஹெல்ப்டெஸ்க் இருபத்தைந்து நிமிடம் பாட்டு போட்டது. பிறகு ஒரு குரல்.

"ஹாஞ்ஜி, போலியே."

"பாய் சாப், மெயில் நஹி ஜா ரஹா ஹை. லாங் ஐலண்ட் சே..." மெயில் போகவில்லை என்று தமிழ் வாடை வீசும் இந்தியில் ஆரம்பித்தாள் இந்திராணி.

"தமிழா மேடம்? தமிழ்லயே சொல்லுங்க. நான் ஸ்ரீதர்."

இந்திராணிக்குப் பாதி பாரம் இறங்கியது. ஸ்ரீதர் வரிசையாகக் கேட்டான். வெளியே போகும் சர்வரின் பெயர் சரியா, போர்ட் எண் ஐந்நூற்று எண்பத்தேழா, அனுப்பும்போதும் பாஸ்வேர்ட் கேட்கும்படி வைத்திருக்கிறார்களா. எல்லாம் சரி. மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க ஸ்பேம் அனுப்புறீங்க."

"என்னது?"

"தினமும் ஒரே மெயில், இருநூத்து முப்பத்தாறு பேருக்கு. சிஸ்டம் உங்களைப் புடிச்சு லாக் போட்டிருக்கு."

"யோவ், அது போட் டைம்யா!"

ஸ்ரீதர் சிரித்துவிட்டான். "போட் டைமா?"

"நாளைக்குப் போட் எத்தனை மணிக்கு, ரத்தா, லேட்டான்னு தினம் அனுப்புவேன். யாருக்கும் மெத்தை விக்கல."

வாட்ஸ்அப் குரூப் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே போட் நேரம் காணாமல் போய்விடும். சிக்னல் ஒற்றைக் கோடாக இருக்கும்போதும் இரண்டு வரி மெயில் எப்படியோ வந்து சேர்ந்துவிடும். அதனால் தீவு அந்தப் பழக்கத்தை விடவில்லை.

"சரி மேடம். ஆனா பிரச்சினை போட் டைம் இல்ல. இருநூத்து முப்பத்தாறுல தொண்ணூத்து நாலு திரும்பி வருது. அப்படி ஒரு அட்ரஸே இல்ல, இல்லாட்டி பெட்டி நிறைஞ்சு கிடக்கு. கிட்டத்தட்டப் பாதி செத்த அட்ரஸ்னா எந்த சர்வரும் சந்தேகப்படும். போன வாரம்தான் ரூல்ஸை இறுக்கினாங்க. திரும்பி வந்த நோட்டீஸ் எல்லாம் உங்களுக்கு வந்திருக்குமே, பாக்கலயா?"

இந்திராணி திரையைப் பார்த்தாள். அதன் இடது ஓரத்தில் 'திரும்பி வந்தவை' என்று ஒரு ஃபோல்டர் இருந்தது. அவளே உண்டாக்கியது. திறக்காத கடிதங்கள் அதில் ஆயிரக்கணக்கில் இருந்தன.

மெயின்லேண்டுக்குக் குடிபெயர்கிறவர்கள் படகு வந்து நிற்கும் ஜெட்டியில் மூட்டையோடு நிற்கும்போது தவறாமல் ஒன்று சொல்வார்கள்: "இந்திராணி, என் பேரை எடுத்துடாத. அங்க இருந்தாலும் போட் போச்சா இல்லையான்னு தெரியணும்." அவளும் யாரையும் எடுத்ததில்லை. விழுப்புரத்திலிருந்து ஒருவர், "இன்னைக்குக் கடல் எப்படி?" என்று பதில் எழுதுவார். பிறகு எழுதுவது நின்றுவிடும். பிறகு அந்தப் பெயரில் ஒரு திரும்பிய நோட்டீஸ் வரும். முதல் நோட்டீஸைப் படித்த அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்து வந்ததிலிருந்து எல்லாம் தானாகவே அந்த ஃபோல்டருக்குள் போகும்படி செய்துவிட்டாள். திறக்காதவரை எல்லோரும் போட் நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

"லாக்கை இப்ப எடுக்க முடியுமா தம்பி? ஒரு பொண்ணோட வேலை. அஞ்சு மணிக்குள்ள ஒரே ஒரு மெயில் போகணும்."

"லாக் எடுக்கிறது மெயின்லேண்ட் டீம். நான் எழுதிக் கேக்கலாம். ஆனா ரெண்டு விஷயம். முதல்ல உங்க அவுட்பாக்ஸைப் பாருங்க, ஏதாவது நிக்குதா?"

நின்றது. காலையில் அனுப்பிய போட் மெயில். கடல் தண்ணீர் வற்றி இறங்கிவிடும் என்பதால் நாளை ஏழு மணிப் போட் ஐந்தரைக்கே கிளம்பும் என்ற செய்தி.

"அதுதான் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை தானா மறுபடி முட்டுது. முட்ட முட்ட லாக் நீளும். அதை அழிச்சிடுங்க."

"அழிச்சா நாளைக்கு ஏழு மணின்னு நினைச்சு வந்து நிப்பாங்களே."

"அழிக்கலன்னா அதுவும் போகாது, அந்தப் பொண்ணோடதும் போகாது."

இந்திராணி அழித்தாள்.

"ரெண்டாவது, தொண்ணூத்து நாலையும் லிஸ்ட்லேருந்து எடுத்தாச்சுன்னு நான் ஒவ்வொண்ணா டிக் பண்ணணும். சும்மா டிக் போட்டா நாளைக்கு என் தலைமேல வரும். நான் படிக்கிறேன், நீங்க எடுங்க. டீக் ஹை?"

கடிகாரத்தில் மூன்று மணி. ரூபா ஸ்டூலை இழுத்துக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். போன் ஸ்பீக்கரில் வைக்கப்பட்டது.

"ஐயாவு மாஸ்டர், அம்பத்தெட்டு."

கணக்கு வாத்தியார். பிறந்த வருடத்தையே முகவரியில் வைத்திருந்தார். தஞ்சாவூரில் மகனோடு இருப்பதாகக் கேள்வி. இந்திராணி பெயரைத் தேடி எடுத்தாள்.

"பிஸ்வாஸ் மிட்டாய்."

"கடையை மூடிட்டு டிக்லிபூர் போயிட்டாரு" என்றாள் ரூபா. "ஓசியில ஜிலேபி குடுப்பாரு."

"அடுத்து, சீ லயன் சுரேந்திரன்."

"கான்ட்ராக்டர்" என்றாள் இந்திராணி. "நீச்சலே தெரியாது அந்த ஆளுக்கு."

ஸ்பீக்கரில் சிரிப்பு வந்தது. முதல் முப்பது பெயர் இப்படியே வேகமாகப் போனது. போகப் போகச் சிரிப்பு குறைந்தது. நர்ஸ் லீலா, தபால்கார முகர்ஜி, மூன்று அண்ணன் தம்பிகள் வரிசையாக, பள்ளியில் ஒரே வருடம் இருந்துவிட்டு மாற்றலான பிடி சார். ஸ்ரீதர் படிப்பான், இந்திராணி எடுப்பாள், "ம்" என்பாள். ஒரு தெரு முழுவதும் காலியாவதை உட்கார்ந்த இடத்திலிருந்து பார்ப்பது போல இருந்தது. ஒரே நாளில் போனவர்கள் இல்லை. பத்து வருடத்தில் ஒவ்வொருவராகப் போனவர்கள். அவள்தான் ஒரே நாளில் அனுப்பிவைத்துக்கொண்டிருந்தாள்.

மணி நாலேகால்.

"எழுபத்தெட்டாவது. நல்லதம்பி லஸ்கர்."

இந்திராணியின் கை மவுஸில் அப்படியே நின்றது.

நல்லதம்பி ரூபாவின் அப்பா. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, சிறுபிள்ளையாக நிக்கோபாரின் கச்சால் தீவு ரப்பர்த் தோட்டத்துக்கு வந்து, ரப்பர் வாசம் பிடிக்காமல் போட்டில் கயிறு கட்டும் லஸ்கர் வேலைக்கு ஏறியவர். தினமும் மாலை கடைக்கு வந்து மறுநாள் போட் நேரத்தைச் சொல்பவர் அவர்தான். அவர் சொல்லித்தான் இந்திராணி மெயில் அனுப்ப ஆரம்பித்தாள். சொல்லிவிட்டுப் போக மாட்டார். வாசலில் நின்று, தன் போனில் அந்த மெயில் வந்து விழுவதைப் பார்ப்பார். "வந்திருச்சு தங்கச்சி! காலைல ஏழு மணியாமே!" என்று யாரோ சொன்ன புதுச் செய்தி போல எல்லோருக்கும் காட்டுவார். இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு மழைக்காலத்தில் மாரடைப்பு. போட் நேரத்தை இப்போது துறைமுக ஆபீசில் இருந்து போனில் சொல்கிறார்கள்.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். தம்பி, இந்த ஒண்ணு மட்டும் இருந்துட்டுப் போகட்டுமே."

"ஒண்ணுன்னாலும் நாளைக்குத் திரும்பி வரும் மேடம். முழுசா முடிக்காம நான் எழுத முடியாது."

இந்திராணி ரூபாவைப் பார்க்காமல் சொன்னாள்: "அது... இந்தப் பொண்ணோட அப்பா."

"சாரி" என்றான் ஸ்ரீதர். அவசரப்படுத்தவில்லை. ஆனால் சுவரில் கடிகாரம் நிற்கவில்லை.

ரூபா திரையில் இருந்த அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னுமாக்கா அப்பாவுக்கு அனுப்பிக்கிட்டு இருக்கீங்க?"

"எல்லாருக்கும் போகுது... அவருக்கும் போகுது."

"அப்பாவுக்கு எதுக்குக்கா போட் டைமு? அவருதானே நமக்குச் சொல்லுவாரு."

சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள். பிறகு இந்திராணியின் கையை மெதுவாக நகர்த்திவிட்டு மவுஸைத் தானே பிடித்தாள். ஒரு க்ளிக். "எடுத்தாச்சு சார். எழுபத்தொம்பது சொல்லுங்க."

மீதிப் பதினாறும் முடியும்போது நாலு முப்பத்தெட்டு. ஸ்ரீதர் எழுதி மெயின்லேண்டுக்கு அனுப்பினான். "போனை வைக்காதீங்க" என்றான். பின்னணியில் அவன் வேறு போனில் யாரிடமோ இந்தியில் கெஞ்சுவது கேட்டது. லட்கி கி நௌகரி, பொண்ணோட வேலை, லட்கி கி நௌகரி என்று இரண்டு தடவை.

நாலு ஐம்பது. "இப்ப ட்ரை பண்ணுங்க."

ரூபா அழுத்தினாள். சிவப்பு எழுத்து.

"ஐயோ!"

"பதறாதீங்க. புரோக்ராமை மூடிட்டுத் திறங்க."

மூடித் திறக்க அந்தப் பழைய கம்ப்யூட்டர் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த இரண்டு நிமிடத்தில் இந்திராணி இருக்கிற சாமிக்கெல்லாம் வேண்டிக்கொண்டாள். ரூபா மறுபடி அழுத்தினாள். அவுட்பாக்ஸில் ஒன்று என்று இருந்தது பூஜ்யம் ஆனது. சிவப்பு வரவில்லை.

நாலு ஐம்பத்தாறுக்குக் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு தானியங்கிப் பதில்: உங்கள் ஒப்புதல் பெறப்பட்டது. இதற்குப் பதில் எழுத வேண்டாம்.

"எழுத மாட்டோம்யா!" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள் இந்திராணி. ரூபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாளா அழுதாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

"மேடம், ஒண்ணு கவனம்" என்றான் ஸ்ரீதர். "இன்னைக்கு லிஸ்ட்டுக்கு எதுவும் அனுப்பிடாதீங்க. அனுப்பினா மறுபடி லாக். நாளையிலேருந்து முப்பது முப்பது பேராப் பிரிச்சு அனுப்புங்க."

"நாளைக்குப் போட் அஞ்சரைக்குத் தம்பி. இன்னைக்குள்ள சொல்லணுமே."

"அதுக்கு சர்வர்ல வழி இல்ல மேடம்."

நன்றி சொல்லிப் போனை வைத்தாள். வாட்ஸ்அப் குரூப்பில் நேரத்தைப் போட்டாள். அது அனுப்பப்படாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் வழக்கம்போல மாலையில் படுத்துவிட்டது. நேரத்தை எழுதி மாட்டப் பெரிய அட்டையைத் தேட அவள் உள்ளே போய்விட்டுத் திரும்பியபோது, அலமாரியில் இருந்த சாக்பீஸ் டப்பா இல்லை. ரூபாவும் இல்லை. அவள் சைக்கிள் ஜெட்டிப் பக்கம் வளைவதுதான் தெரிந்தது.

ஜெட்டியில் பழைய கரும்பலகை ஒன்று உண்டு. மெயில் வந்த பிறகு யாரும் அதில் எழுதியதில்லை. மீனவர்கள் அதில் வலையைக் காயப்போட்டிருந்தார்கள். ரூபா வலையை எடுத்து ஓரமாக வைத்தாள். பலகையைத் துப்பட்டாவால் துடைத்துப் பெரிதாக எழுதினாள்: நாளை போட் 5.30. கீழே இந்தியிலும் எழுதினாள்.

மீன் கூடையோடு வந்த அழகையா நின்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். நாளை ரங்கத் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர்.

"அஞ்சரையா? மெயில் ஒண்ணும் வரலியே புள்ள."

"வராதுங்க. தண்ணி எறங்குது, அதான் வெள்ளன கெளம்புது."

"நெசமாவா? யாரு சொன்னா?"

ரூபா சாக்பீஸ் கையைத் தட்டிக்கொண்டாள்.

"நான்தாங்க சொல்றேன். அஞ்சுக்கெல்லாம் வந்திருங்க."

அழகையா தலையை ஆட்டிவிட்டு நடந்தார். அவள் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு பஜார் பக்கம் போனாள். லிஸ்ட்டில் இன்னும் நூற்று நாற்பத்தோரு பேர் இருந்தார்கள்.