க்ரோக் என்றொரு செத்த சொல்

...இல்லை, தன்னைச் சொல்லியிருக்க மாட்டாள், அத்தனை பேர் இருக்கிற வாட்ஸாப் குழு அது, அகல்யா அக்கா தினம் ஒரு செத்துப்போன ஆங்கிலச் சொல்லைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து அங்கே கிடத்துவாள், இன்றைக்கு 'க்ரோக்' முறை, அவ்வளவுதான் என்று புனே வானவடியில் அவள் வீட்டுக்காரர் ராம்பிரசாத் அண்ணனின் ஃப்ளாட்டுக்குக் கீழே பைக்கை நிறுத்திவிட்டு ஹரீஷ் மறுபடி போனைப் பார்த்தான். க்ரோக்: அடுத்தவர் சாப்பிடும்போது நமக்கும் கொடுப்பார்களா என்று வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருத்தல், வினைச்சொல், வழக்கொழிந்தது. எங்கே ஒழிந்தது? வேலை போனதிலிருந்து சாயங்காலமானால் கல்லூரி சீனியரான அண்ணன் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து அவன் வேறென்ன செய்கிறான்... குழுவில் கிட்டு என்றொருவன் வேறு உதாரணம் கேட்டிருந்தான், அதற்கு அக்கா கண்ணடிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டதோடு சரி. கண்ணடித்தது யாரைப் பார்த்து? இந்த வீட்டுக் கதவும் சாத்திக்கொண்டால் புனேயில் அவனுக்கு மிச்சம் பி.ஜி. விடுதிச் சப்பாத்திதான், அதோடு தமிழில் பேச ஆள் கிடையாது, அந்தச் சப்பாத்தி இந்தி கூடப் பேசாது.

சரி, ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கலாம். நம்மூரில் இந்த வினைச்சொல்லுக்கு அவசியமே இருந்ததில்லை, பார்ப்பதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள், முதல் தடவை 'ஆச்சுங்க' என்று சொல்ல வேண்டும், இரண்டாம் தடவை அதையே கொஞ்சம் பலவீனமாக, மூன்றாம் தடவை எழுந்து கை கழுவப் போய்விடலாம். அக்கா ஒரே தடவை கேட்டு நிறுத்தினால் அந்தச் சொல் தனக்கானது, கிளம்பிவிட வேண்டியது, இனி வரவே கூடாது, மூன்று தடவை கேட்டால்... லிஃப்டில் 'ஆச்சுக்கா' என்று சொல்லிப் பார்த்தான், பசித்த குரலாகவே வந்தது. கதவைத் திறந்தவள் கேட்கவேயில்லை. "கை கழுவிட்டு வாங்க, ஆறிருச்சு" என்றாள், தட்டு ஏற்கெனவே போட்டிருந்தது, தேர்வு ரத்து. உள்ளறையில் அண்ணன் காதில் ஹெட்செட்டோடு யாருக்கோ யெஸ் யெஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார், அவர் தட்டு மூடி வைத்திருந்தது.

அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய். பாதிச் சாப்பாட்டில் நிமிர்ந்தான், எதிரே அக்கா மேஜையில் கையூன்றி அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், சாப்பிடாமல், பேசாமல். நேற்றும் இப்படித்தானே, அதற்கு முன்னாலும்... எவ்வளவு சாப்பிடுகிறான் என்று அளவு பார்ப்பதாக இவன் நினைத்து வேகவேகமாக முழுங்கியிருக்கிறான், ஒரு நாளாவது வாயைத் திறந்து ஏதாவது சொன்னானா? "நல்லாருக்குதுக்கா" என்றான். "அட, பேசறீங்க" என்றாள், கண் நகரவில்லை. "அப்புறம்?"

அப்புறம் என்ன, அதான் சொல்லியாயிற்றே... உள்ளே யெஸ் யெஸ். இந்த வீட்டில் பகல் முழுக்க இது ஒன்றுதான் கேட்குமோ? அப்படியானால் அந்தப் பொம்மை கண்ணடித்தது அவளையே பார்த்தா, அவள் காத்திருப்பது சாப்பாட்டுக்கில்லை, பேச்சுக்கா... வேலையில்லாதவன் நாளில் எடுத்துக் கொடுக்க என்ன இருக்கிறது, தேடினான், ஒன்றும் அகப்படவில்லை, அவள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள். "வர்ற வழியில ஒரு நாய்க்கா..." என்று ஆரம்பித்தான். அக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.