கேமரா திரும்பிய பக்கம்

“டிஸ்க் போயிடுச்சுன்னு சொன்னா ஆச்சா? எட்டு மாசமா இதே பாட்டு!” அக்காவின் குரல் ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவைத் தாண்டித் தெருவுக்கே கேட்டது.

“எரிஞ்சு போச்சுங்கக்கா, சத்தியமா” என்றான் வீடியோக்காரன், தரையைப் பார்த்து.

கேட்டது அவளுடைய கல்யாண வீடியோவை. ஆசைக்காக இல்லை, வழக்குக்காக. “மண்டப வாசல்ல எங்களை வாங்கன்னு கூப்பிட ஒரு நாதி இல்ல” என்று மாமியார் தினமும் குத்திக்கொண்டிருந்தார். வீடியோ கிடைத்தால் அந்த வாயை அடைக்கலாம். இல்லையென்றால் ஆயுசுக்கும் இதே குத்தல்தான்.

கூடப் போன தங்கை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற வேலை. தெருவில் பெயர் சிஐடி. எந்த வீட்டுக்கு எங்கிருந்து கூரியர் வந்தது என்பதுவரை தெரிந்துவைத்திருப்பவள், தரையைப் பார்த்துச் சத்தியம் செய்கிறவனை நம்பிவிடுவாளா?

மறுநாள் ஆஸ்பத்திரியில் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, ஸ்டுடியோவின் இணையதளத்தில் ஒரு மாதிரிப் படத்தைத் திறந்தாள். முகவரியின் வாலில் இருந்த படத்தின் பெயரை வெட்டிவிட்டு ஒரு தட்டு. பூட்டாத பீரோ மாதிரி மொத்தமும் திறந்துகொண்டது. ஃபோல்டர் ஃபோல்டராக ஊரார் கல்யாணங்கள், பக்கத்தில் தேதி, அளவு. அதையெல்லாம் எட்டிப் பார்த்தாளா என்று கேட்காதீர்கள். மூன்றே மூன்றுதான்.

எரிந்துபோன அக்கா கல்யாணமும் அங்கே குத்துக்கல்லாக இருந்தது. பதினான்கு ஃபைல். கடைசியாகக் கைவைத்த தேதி, போன ஞாயிறு!

“எரிஞ்ச டிஸ்க்குல ஐயாவுக்கு ஞாயித்துக்கிழமை என்ன வேலையாம்?” என்று முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாக இறக்கினாள்.

சாயங்காலம் அக்காவும் அவளுமாக உட்கார்ந்து போட்டுப் பார்த்தார்கள். மாமியாரின் கார் வந்து நிற்கிறது. கதவு திறக்கிறது. கேமரா சட்டென்று திரும்பி, ஓரமாக நின்று அறுந்த செருப்போடு மல்லுக்கட்டும் தங்கையைப் பிடித்துக்கொண்டது. முழுசாக நான்கு நிமிடம். அடுத்த ஃபைலில் தங்கை தண்ணீர் குடிக்கிறாள். அதற்கடுத்ததில் கொட்டாவி.

“அடிப்பாவி, இது யாரு கல்யாணம்டி?”

தங்கைக்குக் காது சிவந்தது. டிஸ்க் ஏன் எரிந்தது என்று இப்போது புரிந்தது.

“போச்சு, சாட்சியே போச்சு” என்று அக்கா தலையில் கைவைத்தாள்.

“இரு அக்கா, முதல் ஃபைலைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டு.”

செருப்புக்குப் பின்னாலிருந்து மாமியாரின் குரல் கணீரென்று வந்தது: “ஒருத்தர் கூப்பிட்டா போதாதா? ஆளாளுக்கு வாங்க வாங்கன்னு வாசல்லயே நிக்கவெச்சுக் கழுத்தறுக்கிறாங்க!”

மாமியார் அதை ஒரே ஒரு தடவை கேட்டார். “சவுண்டு சரியில்ல” என்று எழுந்து போனார். பேச்சு அதோடு நின்றது.

சிஐடி நேராக ஸ்டுடியோவுக்குப் போய், “ஏங்க, உங்களுக்குப் பூட்டவே தெரியாதா?” என்றாள். கற்றுக்கொடுக்க ஒரு வாரம் பிடித்ததாம். அடுத்த வருஷம் அவனையே கட்டிக்கொண்டாள். வீடியோவுக்கு வேறு ஸ்டுடியோ. வாசலில் ஏழு பேர் வரவேற்றும் அக்காவின் மாமியார் கேமராவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, மூச்சுவிடாமல் உள்ளே போனார்.

இப்போது ஸ்டுடியோ மாடியில்தான் குடித்தனம். ஃபோல்டர்களின் பாஸ்வேர்டு அவனுக்கே தெரியாது, அவளுக்குத்தான் தெரியும்.