ராமாமணி முடி வெட்டிக்கொண்டாள்

அறுபத்தொன்றாம் வருஷம், அம்மாவின் தலைத்திவசம் முடிந்து அண்ணன் லட்சுமிநாராயணனை ரயிலேற்றிவிடக் கோயமுத்தூர் ஜங்ஷனுக்குப் போனபோதுதான் ராமாமணி அந்த நடிகையை நேரில் பார்த்தாள். ஊட்டியில் படப்பிடிப்பு முடிந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள் ஹேமலீலா. பத்திரிகைகள் உள்ளே திட்டிவிட்டு அட்டையில் போட்டு விற்ற அதே ஹேமலீலா.

முழங்கைவரை சுருட்டிவிட்ட ஆண்பிள்ளைச் சட்டை, சாம்பல் நிறக் கால்சராய். முடியைக் கழுத்துக்கு மேலே நறுக்கென்று வெட்டியிருந்தாள். பிளாட்பாரமே திரும்பிப் பார்த்தது, யாரோ சீட்டியடித்தார்கள். அவளோ ஒரு கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு, நிலக்கடலையைக் கொறித்தபடி வண்டி வரும் திசையைப் பார்த்து நின்றாள்.

"கலி முத்திப் போச்சு" என்றான் அண்ணன்.

தன் கை தானாகவே முந்தானையைத் தோளில் இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்ததை ராமாமணி அப்போதுதான் கவனித்தாள்.

அவளுக்கு முப்பத்தைந்து வயது. சிங்காநல்லூரில் ஒரு பம்ப் கம்பெனியில் டைப்பிஸ்ட். படுக்கையிலிருந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கல்யாணப் பேச்சு தள்ளிக்கொண்டே போனது. அம்மா போன பிறகு அந்தப் பேச்சை எடுக்கவும் ஆளில்லை. அண்ணன் ஜாம்ஷெட்பூரில். வாடகை வீட்டில் சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால், காலையில் வைத்துவிட்டுப் போன டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கும்.

நாலு மாதம் ஹேமலீலாவின் படங்களைச் சேர்த்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எண்ணெய் தேய்த்துக் குளித்து, இடுப்புவரை இருந்த முடியைக் கழுத்தோடு வெட்டிப்போட்டாள். ஹேமலீலா மாதிரி ஒன்றும் ஆகிவிடவில்லை. காதுகள்தான் பெரிதாகத் தெரிந்தன. ஆனாலும் தலை அத்தனை லேசாக இருந்தது. வீட்டுக்குள் நாலைந்து தடவை சும்மாவே நடந்து பார்த்தாள்.

திங்கட்கிழமை ஏச்சு விழும் என்று எதிர்பார்த்து, பதில்களைத் தயார் செய்துகொண்டு போனாள். ஆனால் ஹெட்கிளார்க் அப்புசாமி அவளைக் கண்டதும் எழுந்தே விட்டார்.

"டைபாய்டு வந்து முடி எடுத்துட்டாங்களா? சொல்லவே இல்லீங்களே. ஒரு பத்து நாள் லீவு போட்டு ஊட்டுல இருங்க. இங்க நாங்க பாத்துக்கறோம்."

அவ்வளவு அக்கறையாகச் சொன்னவரிடம் என்ன பதில் சொல்வது? தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள்.

பக்கத்து வீட்டு நஞ்சம்மாள் கஞ்சியோடு வந்தாள். "எந்தக் கோயிலுக்கு வேண்டுதலுங்க அம்மணி?"

"வேண்டுதல் இல்லீங்க அக்கா. சினிமாவுல ஹேமலீலா வெட்டியிருக்கறாங்களே, அந்த மாதிரி. எனக்குப் புடிச்சு வெட்டிக்கிட்டேன்."

நஞ்சம்மாள் அவள் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். "காய்ச்சல்ல என்னென்னமோ தோணும் கண்ணு. ஆறறதுக்குள்ள குடிச்சுப்போடு."

திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். ராமாமணி கஞ்சியைக் குடித்தாள். பத்து நாள் லீவும் அந்த வீட்டுக்குள்ளேயே கழிந்தது.

சேதி எப்படியோ ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டது. 'உடம்பு எப்படி இருக்கிறது' என்று அண்ணன் எழுதியிருந்தான். படம் எடுத்து அனுப்பிவிடுவது என்று முடிவு செய்து, தம்பிதுரையின் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனாள்.

அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "சவுரி இருக்குதுங்க. வெச்சுப் பின்னிக்கிட்டீங்கன்னா தெரியாதுங்க."

"வேண்டாங்க. இப்பிடியே எடுங்க."

"கூட யாருங்க நிக்கறாங்க?"

"யாருமில்லீங்க. நான் மட்டுந்தான்."

அவன் இன்னொரு நாற்காலியை நகர்த்திவிட்டு விளக்கைப் போட்டான். படத்தின் பின்னால், 'உடம்பு சௌக்கியம். முடி நானே வெட்டிக்கொண்டது' என்று எழுதி அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்து மறுமொழி வந்தது. குழந்தைகளின் பரீட்சை, அண்ணியின் பல்வலி, டாட்டா கம்பெனியின் போனஸ் எல்லாம் இருந்தன. படத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தம்பிதுரை மட்டும், படம் நன்றாக விழுந்திருக்கிறது என்று சொல்லி, அவளிடம் கேட்டுக்கொண்டு ஒரு பிரதியைக் கடை முகப்பில் மாட்டியிருந்தான். ஒரு சாயங்காலம் எதிர்ச்சாரியில் பஸ்ஸுக்கு நின்றபோது, இரண்டு காலேஜ் பெண்கள் அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தாள். ஒருத்தி தன் பின்னலை மடித்துக் கழுத்தோடு பிடித்துக் காட்ட, மற்றவள் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்பது இந்தப் பக்கம் கேட்கவில்லை.

பஸ் வந்தது. ராமாமணி ஏறவில்லை. அவர்கள் போகும்வரை அங்கேயே நின்றாள்.